மிதிவண்டிக்காரரின் மாதா

ஞாயிறு அதிகாலை. கோவிலில் முதல் மணி அடிப்பதற்கு முன்னரே இளைஞர் கூட்டமொன்று நெடுஞ்சாலையை நோக்கிப் புறப்பட்டு விடுகிறது. தலையில் கவசம், கையில் உறை, உடலில் பளபளக்கும் சட்டை. ஏறியிருப்பதோ, நம் பாட்டனார் காலத்திலிருந்து நாம் அறிந்த மிதிவண்டி! சென்னை, கோவை முதலிய பெருநகரங்களில் தோன்றிய மிதிவண்டிக் குழுக்கள் இன்று சிறு நகரங்களுக்கும் பரவிவிட்டன. ஐம்பது கி.மீ., நூறு கி.மீ. என்று சுற்றிவிட்டு, வெயில் ஏறிய பின்னரே இவர்கள் வீடு திரும்புகின்றனர்.

நம் பங்கிலும் இத்தகைய குழு ஒன்று உண்டு. பன்னிரண்டு இளைஞர், இரண்டு இளம் பெண்கள். குழு தொடங்கிய சில வாரங்களிலேயே ஒரு தாய் நம்மைத் தேடி வந்தார். "சாமி, வாரம் முழுதும் வேலை வேலை என்கிறான். ஞாயிற்றுக்கிழமையானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். பூசைக்கு நான் ஒருத்தி மட்டும் வருகிறேன். நீங்களாவது கண்டித்துச் சொல்லக்கூடாதா?" என்று கண்கலங்கிக் கேட்டார்.

அந்தத் தாயின் கவலை நியாயமானதே. ஆனால், கண்டிப்பதா, வாழ்த்துவதா என்று முடிவு செய்யுமுன், திருச்சபை இந்த எளிய வாகனத்தை எவ்வாறு எதிர்கொண்டது என்பதைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது நலம். அதில் நம் பெற்றோருக்கும் பாடம் உண்டு. இளைஞருக்கும் பாடம் உண்டு.

தடையிலிருந்து ஆசீருக்கு

மிதிவண்டி புதிதாக வந்த 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், இத்தாலி நாட்டில் சில ஆயர்கள் தம் குருக்கள் அதில் ஏறுவதைத் தடை செய்தனர். அங்கியணிந்த குரு இரு சக்கரத்தில் விரைவது அவருடைய நிலைக்குத் தகாது என்பது அவர்கள் கருத்து. ஆனால் அனுபவம் வேறு விதமாகப் போதித்தது. மரணத் தறுவாயிலுள்ள நோயாளியிடம் விரைந்து சென்று அவஸ்தைப்பூசுதல் கொடுக்கவும், தொலைவிலுள்ள சிற்றூர்களில் ஞான உபதேசம் கற்பிக்கவும் இவ்வாகனமே துணை என்று விரைவில் விளங்கிற்று.

நம் நாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. கிளைப்பங்குகளுக்குக் குருவானவரையும் உபதேசியாரையும் கொண்டு சேர்த்தது மிதிவண்டியே அன்றோ! கேரியரில் பூசைப் பெட்டி, ஹேண்டில்பாரில் துணிப்பை, மழைக்காலத்தில் முழங்காலளவு சேறு. இவ்வாறு விதைக்கப்பட்ட விசுவாசத்தின் பலனை இன்று நாம் அறுவடை செய்கிறோம். ஆதலின், இக்கருவி நமக்கு அந்நியமானதன்று.

குன்றின் மேல் ஒரு சிற்றாலயம்

இத்தாலியின் வடபகுதியில் கோமோ என்னும் அழகிய ஏரி உள்ளது. அதன் கரையிலுள்ள பெல்லாஜியோ என்னும் ஊரிலிருந்து சுமார் 10 கி.மீ. தொலைவு செங்குத்தான மலைப்பாதையில் ஏறினால், மக்ரேலியோ என்னும் சிற்றூரை அடையலாம். கடல் மட்டத்திற்கு மேல் 754 மீட்டர் உயரத்தில், பாதையோரத்தில் அமைந்துள்ளது கிசல்லோ மாதா சிற்றாலயம். முற்காலத்தில் கிசல்லோ என்னும் பிரபுவைக் கள்வர் வளைத்துக்கொண்டபோது, அவர் அங்கிருந்த மாதா சுரூபத்தை நோக்கி ஓடி அடைக்கலம் புகுந்து உயிர் தப்பினார் என்பது அவ்வூர் மரபு. அன்றுமுதல் வழிப்போக்கரின் காவலியாக அன்னை அங்கே வணங்கப்பட்டு வருகிறார்.

1905ஆம் ஆண்டு முதல் அப்பகுதியில் லொம்பார்தியா மிதிவண்டிப் பந்தயம் நடைபெற்று வருகிறது. பிற்காலத்தில் அப்பந்தயத்தின் கடுமையான ஏற்றமாகக் கிசல்லோ புகழ் பெற்றது. மேலேறி வந்த வீரர் பலர், அன்னையின் வாயிலில் ஒரு கணம் நின்று மூச்சு வாங்கிச் செபித்துச் செல்வதை அவ்வூர்ப் பங்குக் குரு கண்டார். அவர் பெயர் எர்மெலிந்தோ விகனோ. வேறொருவராயின், 'கோவில் வாசலில் என்ன கூட்டம்?' என்று அவர்களை விரட்டியிருக்கலாம். அவரோ, 'இவர்களுக்கு ஒரு தாய் வேண்டும்' என்று எண்ணினார். கிசல்லோ மாதாவை மிதிவண்டிக்காரரின் பாதுகாவலியாக அறிவிக்குமாறு உரோமைக்கு விண்ணப்பித்தார்.

திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் மனமுவந்து இசைந்தார். 1948 அக்டோபரில் அவர் மந்திரித்து அளித்த தீபத்தை மிதிவண்டி வீரர் உரோமையிலிருந்து கைக்குக் கை மாற்றிக் கொணர்ந்து சேர்த்தனர். இறுதிக் கட்டத்தில் அதைச் சுமந்தவருள், பந்தயக் களத்தில் ஒருவரையொருவர் விட்டுக்கொடாத இரு பெரும் போட்டியாளரான ஜீனோ பர்தாலியும் பவுஸ்தோ கோப்பியும் இருந்தனர். 1949 அக்டோபர் 13ஆம் நாள், கிசல்லோ மாதா மிதிவண்டிக்காரரின் பாதுகாவலியாக முறைப்படி அறிவிக்கப்பட்டார்.

இன்று அச்சிற்றாலயத்தின் சுவர் நிறைய மிதிவண்டிகளும் வீரர்களின் சட்டைகளும் தொங்குகின்றன. நம் வேளாங்கண்ணியில் பக்தர்கள் நேர்ச்சையாகச் செலுத்தும் வெள்ளித் தொட்டிலும் படகும் போல, தங்கள் உழைப்பின் கருவியை அவ்வீரர் அன்னைக்குக் காணிக்கையாக்கியுள்ளனர். அவற்றுள் ஒன்று, காண்போரின் நெஞ்சை நெகிழச் செய்வது. அப்பகுதியைச் சேர்ந்த ஃபாபியோ கசார்தெல்லி, 1992ஆம் ஆண்டு பார்சலோனா ஒலிம்பிக் போட்டியில் தங்கப் பதக்கம் வென்றவர். 1995 ஜூலை 18ஆம் நாள், பிரெஞ்சு நாட்டுப் பெரும் பந்தயத்தில் மலையிறக்கத்தில் விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். வயது 24. அவர் ஏறியிருந்த மிதிவண்டி கிசல்லோவில் உள்ளது. அன்று அவர் தலையில் கவசம் இல்லை. இதே போன்ற மற்றொரு மரணத்திற்குப் பின், 2003ஆம் ஆண்டில் பெரும் பந்தயங்களில் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. 'மாதா காப்பாற்றுவார்' என்று சொல்லிக்கொண்டு தலைக்கவசத்தை வீட்டில் மாட்டி வைக்கும் இளைஞர் இதை எண்ணிப் பார்க்கவேண்டும். அன்னையின் பாதுகாவல் நம் அறிவீனத்திற்குக் கொடுக்கப்பட்ட அனுமதிச் சீட்டன்று.

சக்கரத்தில் ஒளிந்த அன்பு

மேலே குறிப்பிட்ட ஜீனோ பர்தாலியைப் பற்றி நம் இல்லங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். 1914ஆம் ஆண்டு புளோரன்ஸ் நகரத்திற்கு அருகில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். 1936இல் அவருடைய தம்பி மிதிவண்டிப் பந்தய விபத்தில் இறந்தார். துயரம் தாங்காமல் பந்தயத்தையே விட்டுவிட எண்ணிய பர்தாலி, மீண்டும் எழுந்தார். 1938இல் பிரெஞ்சுப் பெரும் பந்தயத்தில் வெற்றி பெற்றார். கத்தோலிக்க சேவைக் கழகத்தின் உறுப்பினர். கார்மேல் மூன்றாம் சபையைச் சேர்ந்தவர். அவருடைய பக்தியைக் கண்டு பத்திரிகைகள் சில வேளை கேலியும் செய்தன. அவரோ அதைப் பொருட்படுத்தவில்லை.

1943இல் ஜெர்மானியப் படை இத்தாலியை ஆக்கிரமித்தது. யூத மக்களைத் தேடிப் பிடித்துக் கொலைக்களங்களுக்கு அனுப்பலாயினர். அவ்வேளையில் புளோரன்ஸ் பேராயர் கர்தினால் எலியா தல்லா கோஸ்தா, யூதரைக் கன்னியர் மடங்களிலும் துறவியர் இல்லங்களிலும் மறைத்துக் காக்க ஏற்பாடு செய்தார். அசிசி நகரில் ஆயர் நிக்கோலினியும் அவருடைய குருக்களும் அதே பணியில் ஈடுபட்டனர். மறைந்திருப்போருக்குப் பொய்ப் பெயரில் அடையாளச் சீட்டுகள் தேவைப்பட்டன. அசிசியில் அவை அச்சிடப்பட்டன. அவற்றைக் கொண்டு செல்வது யார்? சாலையெங்கும் காவல்.

கர்தினால் பர்தாலியை அழைத்தார். பந்தயப் பயிற்சி என்ற பெயரில் பர்தாலி புளோரன்ஸிலிருந்து அசிசிக்குச் சுமார் 180 கி.மீ. மிதித்துச் சென்றார். புகைப்படங்களும் சீட்டுகளும் சுருட்டப்பட்டு மிதிவண்டியின் குழாய்களுக்குள் இருந்தன. வழியில் படைவீரர் நிறுத்தினால், "வண்டியின் ஒவ்வொரு பாகமும் நுணுக்கமாகப் பொருத்தப்பட்டுள்ளது, தொடாதீர்கள்" என்று சொல்வாராம். நாடறிந்த வீரராதலின் அவர்களும் விட்டுவிடுவராம். இதுவன்றி, ஒரு யூதக் குடும்பத்தைப் புளோரன்ஸில் தம் பொறுப்பிலிருந்த நிலவறையில் மறைத்தும் காத்தார். பிடிபட்டிருந்தால் அவருக்கும், அவர் மனைவிக்கும், கைக்குழந்தைக்கும் என்ன நேர்ந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

போர் முடிந்த பின் இதைப்பற்றி அவர் வாய் திறக்கவில்லை. நன்மை என்பது செய்யப்படவேண்டியதே தவிரச் சொல்லித் திரியவேண்டியதன்று என்பதே அவர் கொள்கை. 1948இல், தம் 34ஆம் வயதில், முதல் வெற்றிக்குப் பத்தாண்டுகள் கழித்துப் பிரெஞ்சுப் பெரும் பந்தயத்தை மீண்டும் வென்றார். அந்த வெற்றிகளை உலகம் அறிந்தது. 2000ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் அவர் இறந்த பின்னரே மற்றைய ஓட்டம் பரவலாகப் பேசப்பட்டது. இரகசியப் பணியாதலின் எழுத்துச் சான்றுகள் அரிது. விவரங்களைப் பற்றி வரலாற்று ஆசிரியரிடையே விவாதமும் உண்டு. எனினும், சாட்சியங்களை ஆராய்ந்த எருசலேமின் யாத் வாசெம் நிறுவனம், 2012இல் கர்தினால் தல்லா கோஸ்தாவையும் 2013இல் பர்தாலியையும் யூதரைக் காத்த நீதிமான்களின் வரிசையில் சேர்த்துச் சிறப்பித்தது.

ஒரே மிதிவண்டி, ஒரே கால்கள். ஆனால் முதல் ஓட்டம் அழியும் வாகைக்காக. இரண்டாம் ஓட்டம் அழியா வாகைக்காக. புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 9ஆம் அதிகாரத்தில் விளையாட்டு வீரரின் தன்னடக்கத்தை எடுத்துக்காட்டி, இவ்விரு வாகைகளையும் ஒப்பிடுகிறார். கொரிந்து நகரத்தின் அருகிலேயே இரண்டாண்டுக்கு ஒரு முறை பெரும் விளையாட்டு விழா நடைபெற்று வந்ததால், அந்நகர மக்களுக்கு அவ்வுவமை நன்கு விளங்கியிருக்கும். விளையாட்டை அவர் பழிக்கவில்லை. அதற்கு மேலான இலக்கைச் சுட்டுகிறார்.

திருத்தந்தையரும் இவ்வழியையே பின்பற்றினர். 1974இல் இத்தாலிய மிதிவண்டிப் பெரும் பந்தயம் வத்திக்கானிலிருந்து தொடங்கியபோது, 6ஆம் சின்னப்பர் வீரரை வாழ்த்தி அனுப்பினார். 2025 ஜூன் 1ஆம் நாள் அதே பந்தயத்தின் இறுதிக் கட்டம் வத்திக்கான் தோட்டங்கள் வழியே சென்றபோது, திருத்தந்தை 14ஆம் சிங்கராயர், அதாவது 14ஆம் லியோ, வீரரை எதிர்கொண்டு வாழ்த்தி, உடலோடு மனமும் இதயமும் ஆன்மாவும் பேணப்படவேண்டும் என்று நினைவூட்டினார்.

நெடும்பயணம் கற்பிக்கும் நெறி

நம் இளைஞர் பந்தயத்தைவிட நெடும்பயணத்தையே விரும்புகின்றனர். இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1897 ஜூன் மாதம் இத்தாலியில் பன்னிருவர் சேர்ந்து, உரோமையிலிருந்து நேப்பிள்ஸ் வரை 230 கி.மீ. தொலைவைக் கதிரவன் உதித்தது முதல் மறைவதற்குள் கடந்தனர். 'துணிவுடையோர்' என்னும் பொருள்படும் 'அவுதாக்ஸ்' என்ற இலத்தீன் சொல் இவர்களுக்குப் பெயராயிற்று. இன்று சென்னை, கோவை முதலிய நகரங்களில் நடைபெறும் நெடும்பயணங்கள் இதன் வழித்தோன்றல்களே. 200 கி.மீ. பயணத்திற்கு 13½ மணி நேரம். 300க்கு 20 மணி. 400க்கு 27 மணி. 600க்கு 40 மணி.

இங்கே முதலாமவர், இரண்டாமவர் என்ற பரிசு கிடையாது. குறித்த நேரத்திற்குள் வந்து சேர்ந்த அனைவருக்கும் ஒரே மதிப்பு. பஞ்சர் ஆனால் தாமே ஒட்டவேண்டும். செயின் அறுந்தால் தாமே மாட்டவேண்டும். இரவில் விளக்கும், ஒளியை எதிரொளிக்கும் மேற்சட்டையும் கட்டாயம். களைத்தவனுக்குத் தன் தண்ணீரைக் கொடுத்து, காற்றுக்குத் தான் முன்னே நின்று பின்னால் வருபவனின் சுமையைக் குறைப்பதே நல்ல குழுவின் இலக்கணம். பொறுமை, முன்யோசனை, தன்னடக்கம், தோழமை ஆகியவற்றை நாம் மறையுரை மேடையிலிருந்து எத்தனை முறை சொன்னோம்! சாலை அவற்றைக் காலில் உறைக்கும்படி கற்பிக்கிறது. அதிகாலை நான்கு மணிக்கு எழும் பிள்ளை முந்தின இரவில் குடித்துத் திரிய மாட்டான் என்பதும் பெற்றோர் கவனிக்கத்தக்கது.

ஞாயிறு யாருடையது?

ஆயினும் அந்தத் தாயின் கேள்வி எஞ்சி நிற்கிறது. ஞாயிறு ஆண்டவருடைய நாள். உடலுக்கு ஐந்து மணி நேரம் கொடுப்பவன், ஆன்மாவுக்கு ஒரு மணி நேரம் இல்லையென்றால், அவன் ஓட்டம் இலக்கற்ற ஓட்டமே.

இங்குத் திருச்சபை ஒரு தாயின் பரிவோடு வழி திறந்து வைத்துள்ளது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1248ஆம் சட்டப்படி, ஞாயிற்றுக்கிழமையிலோ, அதற்கு முந்திய மாலையிலோ, கத்தோலிக்க முறைப்படி எங்கு நிறைவேற்றப்படும் திருப்பலியில் பங்கெடுத்தாலும் கடன் நிறைவேறும். 'எங்கு' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நாம் குழுவினரை அழைத்து, "போக வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. போகும் வழியில் எத்தனை கோவில்கள் இருக்கின்றன என்று மட்டும் எண்ணிக்கொண்டு வாருங்கள்" என்றோம். ஒரே வாரத்தில் பட்டியல் வந்தது.

அன்று முதல் அவர்கள் பயணம் ஒரு கோவிலில் முடிந்து, அங்கே திருப்பலி கண்டு திரும்புவதாக அமைந்துள்ளது. பையில் ஒரு வேட்டியும் சட்டையும், பெண்களுக்குச் சேலையோ தாவணியோ கூடவே செல்கின்றன. நற்கருணை வாங்குமுன் ஒரு மணி நேர உபவாசத்தைக் காக்கும்படி உணவை முன்கூட்டியே முடித்துக்கொள்கின்றனர்; தண்ணீர் உபவாசத்தை முறிக்காது என்பதைச் சொன்னபோது பெரிதும் மகிழ்ந்தனர். ஆற்றுக்கு அக்கரையிலுள்ள ஒரு கிளைப்பங்கில், மாதம் ஒரு முறை மட்டும் ஞாயிறு பூசை காணும் முதியவர்கள், "இத்தனை பிள்ளைகள் வந்து பாட்டுப் பாடியது எங்களுக்குத் திருநாள் போல் இருந்தது" என்று சொல்லி அனுப்பினார்கள். சிலர் இன்னும் வழுவுகின்றனர் என்பதும் உண்மை. ஆனால் விரட்டியிருந்தால் அனைவரையும் இழந்திருப்போம்.

சாலையில் சந்திக்கும் அயலான்

இன்னும் ஒன்று உண்டு, இதுவே தலையானது. நம் சாலைகளில் மிதிவண்டி மிதிப்போருள் பெரும்பாலார் உடற்பயிற்சிக்காக மிதிப்பவரல்லர். பால்காரர், கொத்தனார், மில் தொழிலாளி, இரவுக் காவலர் ஆகியோரே. அவர்களுக்குத் தலைக்கவசம் இல்லை. பளபளக்கும் சட்டை இல்லை. பல வேளைகளில் பின்விளக்கும் இல்லை.

சென்ற ஆண்டு நம் பங்கைச் சேர்ந்த காவலர் ஒருவர், இரவுப் பணி முடிந்து விடியுமுன் வீடு திரும்புகையில் பின்னால் வந்த வாகனம் மோதி இறந்தார். பழைய வண்டி, மட்கார்டிலிருந்த சிவப்புக் கண்ணாடி எப்போதோ உடைந்து போயிருந்தது. அன்று அதே சாலையில் பயிற்சிக்குச் சென்ற நம் இளைஞரே அவரை முதலில் கண்டு, மருத்துவ வண்டிக்குச் சொல்லி, சாலையில் அவரருகே முழந்தாளிட்டு நின்றனர். அடக்கப் பூசைக்குக் குழுவினர் அனைவரும் வந்திருந்தனர். ஒருவரும் பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை மாலை, கோவில் வளாகத்தில் வேப்பமரத்தடியில் அவர்கள் ஒரு பணி தொடங்கினர். இரவில் மிதிவண்டி ஓட்டும் தொழிலாளர் எம்மதத்தவராயினும் சரி, வண்டியைக் கொண்டுவரலாம். முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு ஒளிப்பட்டைகளை ஒட்டுகின்றனர். தேய்ந்த பிரேக் கட்டைகளை மாற்றுகின்றனர். செயினுக்கு எண்ணெய் இடுகின்றனர். செலவு, அவர்கள் வாங்கும் ஒரு வெளிநாட்டுக் கையுறையின் விலையைவிட மிகக் குறைவு என்று அவர்களே கணக்கிட்டுச் சொன்னார்கள். அந்தத் தாயின் மகன்தான் பிரேக் பூட்டுவதில் கைதேர்ந்தவன். வேலை முடிந்ததும் கையிலிருந்த கிரீசைக் கழுவிக்கொண்டு சனி மாலைத் திருப்பலிக்கு வருகிறான். அவன் தாய்க்கு நாம் தனியே மறுமொழி சொல்லவேண்டிய தேவை ஏற்படவில்லை.

அன்புள்ள பெற்றோரே, பிள்ளைகளின் புதிய விருப்பங்களைக் கண்டு உடனே அஞ்சவேண்டாம். மக்ரேலியோ பங்குக் குருவைப்போல் வாயிலில் நின்று, அவர்கள் எதைத் தேடுகின்றனர் என்று பாருங்கள். அன்புள்ள இளைஞரே, எத்தனை கி.மீ. சென்றோம் என்று கைபேசியில் எண்ணிப் பார்க்கிறீர்கள்; நல்லதே. யாருக்காகச் சென்றோம் என்பதையும் இரவுச் செபத்தில் எண்ணிப் பாருங்கள். உங்கள் சாலையில் நாளை எந்தச் சீட்டைச் சுமக்குமாறு ஆண்டவர் கேட்பாரோ, நாம் அறியோம். கேட்கும்போது கால்கள் வலுவாயிருக்கட்டும், இதயமும் ஆயத்தமாயிருக்கட்டும்.

கிசல்லோ மாதாவே, சாலையில் செல்லும் எம் பிள்ளைகளுக்காகவும், இரவில் தனியே வீடு திரும்பும் எம் தொழிலாளருக்காகவும் வேண்டிக்கொள்ளும்.